டெலஸ்கோப்புக்கு ஒரு வீடு கட்டுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களின் வீடுகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். மானிட்டருக்கு ஓர் உறை, கீ போர்டுக்கு ஓர் உறை, மேலே ஒரு பூப்போட்ட துணி. லேப்டாப்பாக இருந்தால் வாங்கிய பெட்டியிலேயே திரும்ப வைத்து, பீரோவுக்குள் பூட்டிவிடுவார்கள். தூசி படாமல் பத்திரமாக இருக்கும், உண்மைதான். ஆனால் ஆறு மாதம் கழித்துக் கேட்டால், "எங்கே சார், எடுக்கவே நேரம் இல்லை" என்பார்கள். எடுத்து வைக்கப் பத்து நிமிடம் ஆகும் சாதனத்தை மனிதன் தினமும் எடுப்பதில்லை. பட்டனை அழுத்தியவுடன் இயங்கும் நிலையில் இருப்பதைத்தான் பயன்படுத்துகிறான்.

இந்தப் பாடத்தை நான் கம்ப்யூட்டரில் கற்கவில்லை, டெலஸ்கோப்பில் கற்றுக் கொண்டேன். இன்று பலர் முதல் சம்பளத்திலும் போனஸிலும் டெலஸ்கோப் வாங்குகிறார்கள். பெரும்பாலானவை கட்டிலுக்கு அடியில் தூங்குகின்றன. அதைவிடப் பெரியதாக ஒன்றை வாங்கினால் ஆர்வம் திரும்பி வரும் என்று நினைத்து அடுத்த தவறையும் செய்கிறார்கள். என் கருத்து இதற்கு நேர் எதிரானது. பெரிய டெலஸ்கோப் வாங்காதீர்கள். இருக்கிற டெலஸ்கோப்புக்குக் கொல்லைப்புறத்தில் ஒரு நிலையான இடம் கட்டிக் கொடுங்கள். மீதி வேலையை உங்கள் கம்ப்யூட்டர் பார்த்துக் கொள்ளும்.

தவறிப்போன ஒரு மாலை

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். சொந்த ஊர் காரைக்குடிக்கு அருகே. 2019ல் சேமித்த பணத்தில் ஆறு அங்குல ரிப்ளெக்டர் டெலஸ்கோப் ஒன்றும், கம்ப்யூட்டர் மூலம் இயக்கக்கூடிய ஈக்குவடோரியல் மவுண்ட் ஒன்றும் வாங்கினேன். இரண்டும் சேர்த்து ரூ.1,10,000. மறு ஆண்டே கொரோனா வந்தது. வீட்டில் இருந்தபடியே வேலை என்றாகி ஊருக்குத் திரும்பினேன். நகர வெளிச்சம் இல்லாத வானம். எத்தனையோ இரவுகள் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டேன். என் நோட்டுப் புத்தகத்தின்படி 2020ல் டெலஸ்கோப்பை வெளியே எடுத்த இரவுகள் 11 மட்டுமே.

காரணம் எளிது. முக்காலியை மொட்டை மாடிக்குத் தூக்க வேண்டும். பிறகு மவுண்ட், எடைக் கட்டைகள், குழாய், பேட்டரி, லேப்டாப், வயர்கள். மட்டம் பார்த்து, வடக்கு பார்த்து, நட்சத்திரங்களைக் காட்டிச் சரி செய்ய வேண்டும். எல்லாம் முடிய 45 நிமிடம். முடித்த பிறகு மேகம் வந்தால் இறக்க இன்னொரு அரை மணி.

2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் வானில் 0.1 டிகிரி இடைவெளியில் சேர்ந்து நின்றன. நிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக் கொள்ளுங்கள். 1623க்குப் பிறகு அவை இவ்வளவு நெருங்கியது அன்றுதான். ஒரே பார்வையில் வியாழனின் நிலவுகளையும் சனியின் வளையத்தையும் பார்க்கலாம். அப்பத்தாவுக்குக் காட்டுவதாக ஒரு வாரமாகச் சொல்லி வைத்திருந்தேன். அன்று ஆபீஸ் மீட்டிங் முடிய ஆறே கால் ஆனது. அவசர அவசரமாக எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றிச் சரி செய்து முடித்தபோது ஏழைத் தாண்டிவிட்டது. அப்பத்தா முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக ஏறி வந்து சேர்ந்தார். இரண்டு கிரகங்களும் தென்னை மட்டைகளுக்குள் இறங்கி விட்டிருந்தன. மறுநாளும் அதற்கு மறுநாளும் மேகம். இதே அளவு நெருக்கம் இனி 2080 மார்ச் மாதத்தில்தான்.

"பரவாயில்லப்பா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அப்பத்தா படி இறங்கினார். அன்று இரவுதான் முடிவு செய்தேன்.

குவிமாடம் எதற்கு?

அப்சர்வேட்டரி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது காவலூரில் இருப்பது போன்ற பெரிய வெள்ளைக் குவிமாடம். அதைப் பார்த்தே பலர் "இது நமக்கு ஆகாது" என்று ஒதுங்கி விடுகிறார்கள். வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. வில்லியம் ஹெர்ஷல் 1781 மார்ச் 13 அன்று யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தது இங்கிலாந்தின் பாத் நகரில் தன் வீட்டுத் தோட்டத்தில் இருந்துதான். கண்ணாடி அவரே தேய்த்தது, அகலம் சுமார் 6.2 அங்குலம். என் டெலஸ்கோப்பும் ஏறக்குறைய அதே அளவு.

நம் சென்னையிலும் கதை ஒரு வீட்டில்தான் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786ல் எழும்பூரில் தன் வீட்டில் சொந்தமாக ஒரு வானாய்வுக் கூடம் வைத்திருந்தார். அதைக் கம்பெனி எடுத்துக் கொண்டு, 1792ல் நுங்கம்பாக்கத்தில் தனிக் கட்டடம் எழுப்பியது. அந்தக் கட்டடம் இன்று இல்லை. கருவியைத் தாங்குவதற்காக நிறுத்திய கனத்த கருங்கல் தூண் மட்டும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. கட்டடம் போய்த் தூண் நிற்பதில் ஒரு செய்தி இருப்பதாக எனக்குத் தோன்றும். வானாய்வுக் கூடத்தில் முதன்மையானது தூண்தான். சுவரும் கூரையும் அதற்கு மழைக் கோட்டு.

முதலில் கம்ப்யூட்டரில் கட்டுங்கள்

இன்டர்நெட்டில் தேடினால் வீட்டு வானாய்வுக் கூடங்களுக்கு நூற்றுக்கணக்கான வரைபடங்கள் கிடைக்கின்றன. நானும் ஒன்றை டவுன்லோட் செய்து பிரிண்ட் எடுத்துக் கொத்தனாரிடம் கொடுக்க இருந்தேன். நல்ல வேளை, கொடுக்கவில்லை. அவை பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்காவுக்காக வரையப்பட்டவை. அங்கே துருவ நட்சத்திரம் வடக்கு வானில் 40, 50 டிகிரி உயரத்தில் நிற்கும். ஒரு ஊரின் அட்சரேகை எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு உயரத்தில்தான் துருவ நட்சத்திரம் தெரியும். காரைக்குடியில் அது வெறும் 10 டிகிரி. அந்த வரைபடங்களில் கூரை வடக்குப் பக்கமாக நகரும். நம் ஊரில் அப்படி நகர்த்தினால் கூரையே துருவ நட்சத்திரத்தை மறைத்துவிடும். மவுண்ட்டைச் சரி செய்ய அந்த நட்சத்திரம் வேண்டும்.

நமக்குச் சொத்து தெற்கு வானம். அகத்திய நட்சத்திரமும் தெற்குச் சிலுவையும் இங்கு நன்றாகத் தெரியும். ஒமேகா சென்டாரி என்ற பெரிய நட்சத்திரக் கூட்டம் எங்கள் ஊரில் 32 டிகிரி உயரம் வரை ஏறும். லண்டன்காரர்கள் அதைத் தங்கள் ஊரில் இருந்து பார்க்கவே முடியாது. ஆகவே வெளிநாட்டு வரைபடத்தை அப்படியே காப்பி அடிக்காதீர்கள்.

இங்கேதான் கம்ப்யூட்டர் உதவுகிறது. ஸ்டெல்லேரியம் என்ற இலவச சாப்ட்வேரை இறக்கி இன்ஸ்டால் செய்திடுங்கள். எப்6 கீயை அழுத்தினால் இருப்பிடத்திற்கான விண்டோ கிடைக்கும். உங்கள் ஊரைத் தேர்ந்தெடுங்கள். எப்5 அழுத்தி நாளையும் நேரத்தையும் மாற்றலாம். உங்கள் ஊர் வானம் அப்படியே திரையில் வரும்.

நான் ஒரு படி மேலே சென்றேன். கொல்லையில் டெலஸ்கோப் நிற்கப் போகும் இடத்தில் நின்று, சுற்றிலும் 10 டிகிரிக்கு ஒரு முறை எதிரில் மறைக்கும் பொருளின் உயரத்தை போனில் உள்ள கோணமானி மூலம் அளந்து எழுதிக் கொண்டேன். தென்னை 20 டிகிரி, எங்கள் வீட்டுச் சுவர் 34 டிகிரி, அடுத்த வீட்டு வாட்டர் டேங்க் 13 டிகிரி என்று ஒரு பட்டியல். இதை ஒரு டெக்ஸ்ட் பைலில் போட்டு ஸ்டெல்லேரியத்தில் அடிவானமாக அமைத்திட முடியும். அமைத்துப் பார்த்தபோது துருவ நட்சத்திரம் வாட்டர் டேங்குக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. ஆறு அடி மேற்கே தள்ளி நின்று மீண்டும் அளந்தேன். டேங்க் விலகியது. தென்மேற்கில் தென்னைகளுக்கு மேலே நல்ல இடைவெளி கிடைத்தது. கிழக்கை எங்கள் வீடே மறைப்பதால் கூரையைக் கிழக்குப் பக்கம் நகர்த்துவது என்று முடிவானது. இத்தனை முடிவுகளுக்கும் செலவு ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே. சிமெண்ட் போட்ட பின் ஆறு அடி தள்ளி வைக்க முடியாது.

தூண் ஆடக் கூடாது

மொட்டை மாடியில் கட்டினால் என்ன என்று கேட்பீர்கள். மரங்கள் மறைக்காது என்பது உண்மை. ஆனால் பகல் முழுவதும் வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளம் இரவில் வெப்பத்தை விட்டுக் கொண்டே இருக்கும். அந்த வெப்பக் காற்றில் கிரகங்கள் தண்ணீருக்குள் இருக்கும் காசு போல நெளியும். கீழே மோட்டார் ஓடினால் தளம் அதிரும். 150 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது அதிர்வும் 150 மடங்கு பெரிதாகும். மாடியைத் தவிர வேறு வழி இல்லாதவர்கள், தூணைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே பில்லர் வரும் இடத்துக்கு நேர் மேலே வைக்க வேண்டும். அதையும் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

எனக்குக் கொல்லை இருந்தது. 2022 ஜனவரியில் மூன்றடி நீளம், அகலம், ஆழத்தில் குழி தோண்டினோம். உள்ளே கம்பிக் கூடு கட்டிக் கான்கிரீட் போட்டு, அதன் மேல் பத்து அங்குல பி.வி.சி. பைப்பை நிறுத்தி, அதற்குள்ளும் கம்பியும் கான்கிரீட்டும் இட்டோம். தரைக்கு மேல் மூன்றடி உயரம். அறையின் தரை இந்தத் தூணைத் தொடக் கூடாது. சுற்றிலும் ஓர் அங்குல இடைவெளி விட்டு தெர்மகோல் அடைத்தோம்.

கொத்தனாருக்கு இது பிடிக்கவில்லை. "தம்பி, தரையோட சேத்துப் பூசுனாத்தான் தூணுக்குப் பலம்" என்றார். தரை காய்ந்த பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தூண் மேலும் இன்னொரு டம்ளரைத் தரையிலும் வைத்து, அவரையே குதிக்கச் சொன்னேன். தரையில் இருந்த தண்ணீர் அலை அடித்தது. தூண் மேல் இருந்தது அசையவே இல்லை. அதற்குப் பிறகு பார்க்க வருபவர்களிடம் எல்லாம் அவரே அந்த டம்ளர் வித்தையைச் செய்து காட்டினார்.

தவறு செய்தது நான்தான். தூணின் உச்சியில் மவுண்ட்டைப் பொருத்த நான்கு போல்ட்டுகளைக் கான்கிரீட்டில் பதிக்க வேண்டும். வடக்கைப் போனில் உள்ள திசைகாட்டியில் பார்த்துப் பதித்தேன். பக்கத்தில் கம்பிக் கூடு இருந்ததால் திசைகாட்டி திசை மாறிக் காட்டியிருக்கிறது. கான்கிரீட் இறுகிய பின் பார்த்தால் 12 டிகிரி தவறு. மவுண்ட்டில் உள்ள திருகால் அவ்வளவு தூரம் திருப்ப முடியாது. லேத் பட்டறையில் சொல்லி நீள் துளைகளுடன் இன்னொரு இரும்புப் பிளேட் செய்து வாங்க மூன்று வாரம் ஆனது.

சரியான வழி நம் தாத்தாக்களுக்கே தெரிந்ததுதான். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, சூரியன் உச்சியில் இருக்கும்போது நூலின் நிழலைத் தரையில் கோடு இழுங்கள். அதுவே வடக்கு தெற்கு. ஆனால் உச்சி நேரம் கடிகாரத்தில் 12 மணி இல்லை. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கானது. காரைக்குடியில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.15க்கு. பொங்கல் சமயத்தில் 12.24 ஆகிவிடும். அன்றைய சரியான நேரத்தை ஸ்டெல்லேரியம் சொல்லும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் எங்கள் பகுதியில் இதைச் செய்திட முடியாது. சூரியன் தலைக்கு நேர் மேலே இருப்பதால் நிழலே விழாது.

நகரும் கூரை

குவிமாடம் கட்டுவது கடினம். டெலஸ்கோப் திரும்பும் பக்கமெல்லாம் அதுவும் திரும்ப வேண்டும். கூரை முழுவதும் ஒரு பக்கமாக நகர்ந்து விட்டால் அந்தத் தொல்லையே இல்லை. எங்கள் அறை எட்டுக்கு எட்டு அடி. செங்கல் சுவர். தகரக் கூரைக்கு இரும்புச் சட்டம். சட்டத்தின் அடியில் ஸ்லைடிங் கேட்டுக்குப் போடும் பள்ளம் வைத்த சக்கரங்கள் ஆறு. சக்கரங்கள் ஓடும் தண்டவாளம் சுவரைத் தாண்டிக் கிழக்கே இன்னொரு எட்டடி நீண்டு, இரண்டு தூண்களில் நிற்கிறது. வெல்டருக்கு வானியல் எதுவும் தெரிய வேண்டாம். "மல்லாக்கப் போட்ட ஸ்லைடிங் கேட்" என்று சொன்னேன், புரிந்து கொண்டார்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். டெலஸ்கோப் படுத்த நிலையில் இருந்தால்தான் கூரை இடிக்காமல் மூடும்படி உயரத்தை வைப்பவர்கள் உண்டு. அவசரத்தில் மறந்து கூரையை இழுத்தால் குழாய் போய்விடும். நான் டெலஸ்கோப் எந்த நிலையில் இருந்தாலும் இடிக்காத உயரத்தில் கூரையை வைத்தேன். இரண்டாவது, காற்று. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது எங்கள் பகுதியில் தகரங்கள் பறந்ததைப் பார்த்தவன் நான். மூடிய பின் நான்கு மூலைகளிலும் கூரையைச் சுவரோடு பிணைக்கும் கொக்கிகள் கட்டாயம்.

கேபிளும் கம்ப்யூட்டரும்

கட்டடம் முடிந்தது. இனி நம் துறைக்கு வருவோம். கூடத்தில் இருந்து என் மேஜைக்குத் தூரம் 20 மீட்டர். யு.எஸ்.பி. 2.0 கேபிளின் எல்லை 5 மீட்டர். ஆகவே நீளமான யு.எஸ்.பி. கேபிள் வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். லேன் கேபிள் 100 மீட்டர் வரை செல்லும். கூடத்திற்குள் ஒரு பழைய லேப்டாப்பை வைத்து, டெலஸ்கோப்பையும் கேமராவையும் அதில் இணைத்து, அந்த லேப்டாப்பை வீட்டில் உள்ள கம்ப்யூட்டரில் இருந்து இயக்குவதே எளிய வழி. பேட்டரி செத்துப் போனது, கீ போர்டில் இரண்டு எழுத்து வேலை செய்யாது என்று நீங்கள் ஒதுக்கி வைத்த லேப்டாப் இதற்குப் போதும்.

விண்டோஸ் ஹோம் பதிப்பில் ஒரு சிக்கல் உண்டு. ரிமோட் டெஸ்க்டாப் மூலம் அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழையும் வசதி அதில் இல்லை. இலவசமாகக் கிடைக்கும் வி.என்.சி. வகை சாப்ட்வேர் ஒன்றைப் போட்டுக் கொள்ளுங்கள். டெலஸ்கோப்பும் சாப்ட்வேரும் பேசிக் கொள்ள ஆஸ்காம் என்ற இலவச இடைமுகம் வேண்டும். பிரிண்டருக்கு டிரைவர் போடுகிறோமே, அது போலத்தான். பிறகு ஸ்டெல்லேரியத்தில் ஒரு நட்சத்திரத்தை மவுஸால் கிளிக் செய்து கட்டளை கொடுத்தால், கொல்லையில் இருட்டில் மோட்டார் சத்தம் கேட்கும். முதல் முறை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கூடத்திற்குள் லேப்டாப் திரையின் வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும். ஸ்டெல்லேரியத்தில் கண்ட்ரோல் + என் அழுத்தினால் திரை சிவப்பாகும். இருட்டுக்குப் பழகிய கண் அப்படியே இருக்கும்.

மழையும் இடியும்

நம் ஊரில் டெலஸ்கோப்புக்கு முதல் எதிரி ஈரம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கண்ணாடியில் பூஞ்சை பிடித்துவிடும். டெலஸ்கோப்பை உறையால் மூடி, உறைக்குள் ஒரு சிறிய ஜீரோ வாட்ஸ் பல்பு எரிய விட்டேன். பழைய கண்ணாடி பல்பாக இருக்க வேண்டும், எல்.இ.டி. சூடாகாது. பல்பு உறையையோ குழாயையோ தொடாதபடி கம்பிக் கூண்டுக்குள் இருக்கட்டும். இந்தச் சிறு சூடே ஈரத்தை விரட்டிவிடும். ஐபீஸ்களை மட்டும் சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வீட்டுக்குள் வைத்துக் கொள்கிறேன்.

இரண்டாவது எதிரி இடி. 2023 மே மாதம் ஓர் இரவில் பக்கத்துத் தோப்பில் இடி விழுந்தது. கரண்ட் பிளக்கைப் பிடுங்கியிருந்தேன், லேன் கேபிளை மறந்துவிட்டேன். அந்த வழியாக வந்த மின்சாரம் பழைய லேப்டாப்பையும் மவுண்ட்டின் கண்ட்ரோல் போர்டையும் எரித்துவிட்டது. போர்டு மாற்ற ரூ.14,000. இப்போது வேலை முடிந்ததும் இரண்டு கேபிள்களையும் பிடுங்கித் தூரமாகப் போட்டுவிட்டுத்தான் கூரையை மூடுகிறேன். உங்கள் வீட்டு மோடத்திற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இந்தச் செலவு தேவையா?

கணக்கைச் சொல்லி விடுகிறேன். தூண், போல்ட், பிளேட் ரூ.9,000. தரையும் சுவரும் ரூ.38,000. கூரை, தண்டவாளம், வெல்டிங் ரூ.41,000. வயரிங்கும் லேன் கேபிளும் ரூ.6,000. ஆக ரூ.94,000. அப்பா இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்கு வண்டி நிறுத்த ஷெட் போட்டிருக்கலாம்" என்றார். அவர் சொன்னது தவறில்லை. நண்பர் ஒருவர், "இதே பணத்துக்குப் பத்து அங்குல டெலஸ்கோப் வாங்கலாமே" என்றார். இவர் சொன்னதுதான் தவறு.

பத்து அங்குலம் ஆறு அங்குலத்தைப் போல் ஏறத்தாழ 2.8 மடங்கு ஒளியைத் திரட்டும். கட்டிலுக்கு அடியில் இருந்தால் திரட்டும் ஒளி பூஜ்யம். பெரியதாக இருப்பதால் எடையும் கூடும், எடுக்கும் இரவுகள் இன்னும் குறையும். 2022 ஜூனில் கூடம் முடிந்த பிறகு ஓர் ஆண்டில் நான் பார்த்த இரவுகள் 93. கொக்கி நான்கைக் கழற்றி, கூரையைத் தள்ளி, பிளக்கைச் செருகி, முதல் நட்சத்திரத்தைப் பார்க்க ஆகும் நேரம் ஐந்து நிமிடம். ஆபீஸ் வேலைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் வானம் பார்க்க முடிகிறது.

இன்னொரு கேள்வியும் வரும். நாசாவின் படங்கள் எல்லாம் இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கும்போது நீயே ஏன் பார்க்க வேண்டும்? கல்யாண வீடியோ கிடைக்கும் என்பதற்காக யாரும் கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பதில்லை என்பேன்.

எல்லோரும் அறை கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்கள் கட்டவே கூடாது. சொந்தக் கொல்லை இருந்து பணம் இல்லாதவர்கள் தூணை மட்டும் நடுங்கள். மவுண்ட்டை அதன் மேல் நிரந்தரமாகப் பொருத்தி, நல்ல தார்ப்பாய் உறை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். மழைக் காலத்தில் மட்டும் கழற்றி வீட்டுக்குள் கொண்டு வந்தால் போதும். ஒன்பதாயிரம் ரூபாயிலேயே 45 நிமிடம் பத்து நிமிடமாகக் குறைந்துவிடும். மீதியைப் பிறகு கட்டலாம்.

அப்பத்தா பார்த்த சனி

கூடம் முடிந்த சில மாதங்களில் அப்பத்தா கீழே விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. கட்டிலோடு கிடந்தார். மாடிப் படி போகட்டும், கொல்லைக்கே வர முடியாது. 2022 டிசம்பர் கடைசி வாரத்தில் மழை விட்டு வானம் தெளிந்திருந்தது. சனி தென்மேற்கில் தென்னைகளுக்கு மேலே, நான் அளந்து விட்ட இடைவெளியில் நின்றது. டெலஸ்கோப்பில் கேமராவை மாட்டிவிட்டு, என் கம்ப்யூட்டரை அப்பத்தாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டு வந்து வைத்தேன்.

"சனீஸ்வரனை நேருக்கு நேர் பாக்கக் கூடாதேப்பா" என்று தயங்கினார்.

"நேருக்கு நேர் இல்ல அப்பத்தா. கம்ப்யூட்டர் வழியாத்தான்" என்றேன். அது சரி என்று பட்டது போலும். கண்ணாடியை வாங்கிப் போட்டுக் கொண்டார்.

திரையில் சனி ஒரு சுண்டு விரல் நகம் அளவுக்குத் தெரிந்தது. காற்றில் லேசாக நெளிந்தது. வளையம் தெளிவாகத் தெரிந்தது. அப்பத்தா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது முன்னாடியே எடுத்து வச்ச படம் தானே?" என்றார்.

நியாயமான சந்தேகம்தான். கம்ப்யூட்டரில் எதை வேண்டுமானாலும் காட்டலாம். நான் மவுஸை எடுத்து, டெலஸ்கோப்பை வானத்தோடு ஓட வைக்கும் மோட்டாரை நிறுத்தினேன். சனி மெதுவாகத் திரையின் ஓரத்தை நோக்கி நகர ஆரம்பித்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, விளிம்பைத் தாண்டி மறைந்தது.

"எங்க போகுது?"

"அது போகல அப்பத்தா. நாமதான் சுத்துறோம். பூமி சுத்துறது இப்படித் தெரியுது."

மீண்டும் கொண்டு வந்தேன். மீண்டும் நிறுத்தச் சொன்னார். அது நகர்ந்து போவதை மூன்று முறை பார்த்தார். நான்காவது முறை கட்டிலில் இருந்தபடியே கைகளைக் கூப்பினார். அப்பா கதவோரம் நின்று பார்த்துக் கொண்டிருந்தார். அதற்குப் பிறகு வண்டி ஷெட் பற்றி அவர் பேசவில்லை. அப்பத்தா மறு ஆண்டு காலமானார்.

அன்று 45 நிமிட வேலை தேவைப்பட்டிருந்தால் நான் அதைச் செய்திருக்க மாட்டேன். ஆபீஸ் முடிந்து களைப்பாக இருந்தேன். ஐந்து நிமிடம் என்பதால் செய்தேன். கூடம் கட்டியதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

2025 மார்ச்சில் சனியின் வளையம் பூமிக்குத் தன் விளிம்பைக் காட்டி, மெல்லிய கோடாகி மறைந்தது. இனி ஆண்டுக்கு ஆண்டு விரிந்து கொண்டே போகும். 2032ல் மிக அகலமாகத் தெரியும். ஆரம்பிக்க நல்ல நேரம் இதுதான். டெலஸ்கோப் இல்லாதவர்களும் இன்று இரவே ஸ்டெல்லேரியத்தை இறக்கி, உங்கள் ஊரைக் கொடுத்து, வாசலில் நின்று வானத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டெலஸ்கோப் வைத்திருப்பவர்கள் கட்டிலுக்கு அடியில் ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு, கொல்லையில் எந்த இடத்தில் குழி தோண்டலாம் என்று அளக்க ஆரம்பியுங்கள். அப்படியே கம்ப்யூட்டர் மேல் போட்ட உறையையும் எடுத்துவிடுங்கள்.